கீழே வைத்த கத்தி

வேலாத்தாளைக் குருவே என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். "நான் என்ன காவியா கட்டியிருக்கேன்?" என்பாள். ஆனாலும் வருகிறவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். காட்டில் நடக்கவும், மழைக்கு ஒதுங்கவும், வழி தவறினால் பதறாமல் உட்காரவும் சொல்லிக் கொடுக்கிறவளை வேறு என்னவென்றுதான் கூப்பிடுவது?

நான் அங்கே சமையல். பெயர் ரங்கசாமி. சங்கிலிக்கரடு என்கிற மலையின் அடிவாரத்தில் எங்கள் தகரக் கொட்டகை. நான் அதிகம் பேசாத ஆள். வேலாத்தாள் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள், அது வேறு கதை.

அந்த ஐப்பசியில் நாகரத்தினம் வந்தார். குருவைவிட வயதில் ரொம்ப மூத்த சிஷ்யை. வேலாத்தாளுக்கு இன்னும் ஒரு நரை வரவில்லை, இந்த அம்மாவுக்குத் தலையில் கறுப்பைத் தேட வேண்டும். கோபியில் காபித்தூள் அரைத்து விற்கிற கடை. அவர் பையைத் திறந்தால் கொட்டகை முழுக்க மணக்கும்.

அவர் வீட்டுக்காரர் சென்னியப்பன் போன வருசம் இதே மலையில்தான் இறந்துபோனார். மழையில் தனியாக ஏறி, ஓடையில் வழுக்கிக் கால் ஒடிந்து, குளிரில் போய்விட்டார். வருகிற திதி அன்று அந்த இடத்துக்குப் போக வேண்டும், தனியாகத்தான் போவேன், அதற்குப் பழக்கிக் கொடு என்று கேட்டுத்தான் வந்திருந்தார்.

வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி இது.

"காட்டுக்குக் கொண்டுபோக நல்ல கத்தி எது கண்ணு?"

"நல்ல காபித்தூள் எதுங்க்கா?"

"குடிக்கிற ஆளைக் கேக்காம எப்படிச் சொல்றது?"

"அதே வெசனந்தானுங்க்கா எனக்கும்" என்று சொல்லிவிட்டு வேலாத்தாள் ஒரு சாக்கை விரித்து, இருந்த கத்திகளை எல்லாம் அதன் மேல் வைத்தாள்.

இங்கே யாரும் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கத்தியும் மிளகாயும் கைமாறினால் சண்டை வரும் என்று என் அம்மா சொல்லும். வேலாத்தாளின் அம்மாவும் சொல்லியிருக்கும். எங்கள் பக்கம் யார் வீட்டு அம்மாதான் சொல்லவில்லை? கொடுக்கிறவர் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கொட்டகையில் இது சட்டம்.

"எடுத்துப் பாருங்க்கா."

நாகரத்தினம் குனிந்தார். கை பாதி தூரம் போனது, அப்படியே நின்றது. பிறகு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"இங்கிருந்தே தெரியுதே" என்றார்.

"கண்ணால பார்த்துக் கத்தி எடுக்கக் கூடாதுங்க்கா. கைதான் சொல்லணும்."

"அப்புறம் எடுக்கறேன். அந்தச் சின்னது என்ன, மடக்குக் கத்தியா? அது போதாதா? கைப்பைக்குள்ள அடங்கிரும்."

வேலாத்தாள் அதை விரித்தாள். வாசல் சேற்றில் ஒரு தடவை குத்தி எடுத்தாள். துடைத்துவிட்டு மடக்கப் பார்த்தாள். கரகரவென்று பாதியில் நின்றது. மறுபடி விரித்து, ஒரு விறகுக் கட்டையில் குத்தி நெம்பினாள். கத்தி பக்கவாட்டில் ஆடியது.

"இன்னும் நெம்பினா என்னங்க ஆகும்?"

"ஒடியும்."

"எந்த இடத்துல?"

"மடங்குற இடத்துலதான்."

அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். நாகரத்தினம் அடுத்ததைக் கை காட்டினார். முழங்கை நீளம், கோயில் வாசலில் ஐயனார் கையில் இருக்க வேண்டியது.

"இது?"

"இது எதுக்குங்க்கா உங்களுக்குப் பிடிச்சுது?"

"கையில இருந்தாத் தைரியமா இருக்குமில்ல?"

"ரங்கண்ணா" என்று வேலாத்தாள் என்னைக் கூப்பிட்டாள். "ராத்திரி ரசத்துக்குப் பூண்டு உரிக்கணுமில்ல? அக்கா இதுல உரிச்சுத் தருவாங்க."

அட கெரகமே! என் சமையல்கட்டுதான் இவளுக்குப் பள்ளிக்கூடம்.

நான் அந்தப் பெரிய கத்தியைப் பலகை மேல் வைத்து, "எடுத்துக்குங்கம்மா" என்றேன். அடுப்பில் தாளிப்பு கருகுகிற நேரம். அந்த அம்மா எடுக்கவில்லை. பலகை மேல் கிடந்த கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "வேண்டாம்னா விடுங்க" என்று கத்தியை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினேன்.

மாட்டி முடித்ததும் அவரே போய் ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து பூண்டு உரிக்க உட்கார்ந்தார்.

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டேன். பலகையில் இருந்தால் முள், ஆணியில் இருந்தால் பூவா?

ஒரு பல் உரிப்பதற்குள் இரண்டு பல் தரையில் ஓடின. கட்டை விரலில் கீறல். வேலாத்தாள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"தைரியமா இருக்குங்களா?"

"பூண்டுதான் கண்ணு தைரியமா இருக்குது" என்றார் நாகரத்தினம்.

மூன்று பேரும் சிரித்தோம். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ரசத்தில் பூண்டு இல்லை.

அடுத்து வந்த நாட்களில் வேலாத்தாள் அவரை நடக்க வைத்தாள். ஓடையை எங்கே தாண்டுவது, பாறையில் எந்தப் பாசி வழுக்கும், கயிற்றை எப்படி முடிவது. அந்த அம்மா கெட்டிக்காரி. ஒரு தரம் சொன்னால் போதும். எங்கே ஏற வேண்டும், எந்தப் பாறையில் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது நான் வேலாத்தாளிடம் சொன்னேன். "அந்தம்மா கீழ வச்ச கத்தியை எடுக்க மாட்டேங்குது. ஆணியில மாட்டினா எடுக்குது. கவனிச்சியா?"

"கவனிச்சேன். நீ இன்னொண்ணைக் கவனிச்சியா?"

"எதை?"

"ஏறுற வழியெல்லாம் கேட்டாங்க. இறங்குற வழியை ஒரு தடவைகூடக் கேட்கலை."

என் கையிலிருந்த குண்டான் தண்ணீருக்குள் போனது.

"அடிப்பாவி! இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பாடம் நடத்தறே? ஊருக்கு அனுப்பிவிடு."

"அனுப்பினா? பஸ் ஏறி அந்தப் பக்கமா வந்து மலை ஏறுவாங்க. இங்கன்னா நான் இருக்கேன். அன்னைக்குக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துல பின்னாடியே போவேன்."

"அப்பச் சரி."

"என்ன சரி? கால் வழுக்கினா நான் ஓடிப் போய்த் தூக்கிருவேன். மனசு வழுக்கினா எதைப் பிடிச்சு ரங்கண்ணா தூக்கறது?"

குண்டானைத் தேய்த்தேன்.

மறுநாள் காலையிலிருந்து தூறல். ஈரத்தில் தீ மூட்டுகிற பாடத்துக்கு அதுதான் நல்ல நாள். வேலாத்தாள் தாழ்வாரத்தில் ஒரு கத்தியை எடுத்தாள். இந்த முறை கீழே வைக்கவில்லை. ஒரு கட்டையில் லேசாகக் குத்தி நிறுத்தினாள். நாகரத்தினம் அதைத் தயங்காமல் உருவிக்கொண்டார்.

விழுந்து கிடந்த ஒரு கிளையை மழையிலிருந்து எடுத்து வந்தாள் வேலாத்தாள். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல் இருந்தது.

"இது எரியுங்களா?"

"எப்படி எரியும்?"

"கத்தி வாயைக் கட்டை மேல வைங்க. இன்னொரு கட்டையால கத்தி முதுகுல தட்டுங்க. மெதுவா."

தட்டினார். கத்தி இறங்கியது. கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே சந்தன நிறத்தில் இருந்தது.

"தொட்டுப் பாருங்க்கா."

நாகரத்தினம் தொட்டார். விரலை எடுக்கவில்லை.

"காஞ்சிருக்குது" என்றார்.

"உள்ள காஞ்சுதான் இருக்கும். இப்ப சீவுங்க. தேங்காய்ப் பத்தை மாதிரி மெல்லிசா."

சீவினார். சுருள் சுருளாக விழுந்தது. ஒரு தீக்குச்சி. புகைந்தது, பிறகு பற்றிக்கொண்டது. வேலாத்தாளுக்கு ஒரே சந்தோசம். முதல் தடவையே தீ மூட்டிய சிஷ்யர்கள் குறைவு. "அக்கா, பத்த வச்சுட்டீங்க!" என்று கையைத் தட்டினாள்.

நாகரத்தினம் அந்தத் தீயைப் பார்த்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அவரு பக்கத்துல கட்டை கிடந்துச்சாம்" என்றார். "கைக்கு எட்டற தூரத்துல எல்லாம் பொறுக்கி வச்சிருந்தாராம். எரிஞ்ச தீக்குச்சியா கிடந்துச்சாம் சுத்தியும். ஒண்ணும் பத்தலை. ஈரக் கட்டைன்னு சொன்னாங்க."

வேலாத்தாளின் கை தட்டுவது நின்றது.

"அந்தக் கட்டையும் உள்ள இப்படிக் காஞ்சுதான் இருந்திருக்குமா கண்ணு?"

வேலாத்தாள் பொய் சொல்ல மாட்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அது. சும்மா ஒரு இல்லை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"இருந்திருக்குங்க்கா" என்றாள்.

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். தன் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

"இதுதான் அவரு கத்தி."

அவர் கை அந்தப் பொட்டலத்தின் மேலேயே இருந்தது.

"வாசல்ல உக்காந்து ஷூவுக்குக் கயிறு கட்டிட்டிருந்தாரு. 'ரத்தினம், அந்தக் கத்தியைக் கொண்டா'ன்னாரு. கொண்டுபோனேன். கையை நீட்டினாரு. நாங்க சண்டை போடாத நாளே கிடையாது கண்ணு. சர்க்கரை கூடிப்போச்சுன்னு சண்டை. ஃபேனை நிறுத்தினேன்னு சண்டை. கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான். மலைக்குப் போற மனுசன், இன்னைக்கு ஒரு நாளாவது சண்டை இல்லாமப் போகட்டும்னு நினைச்சேன். கையில கொடுக்காம, பக்கத்துல படியில வச்சு, 'எடுத்துக்குங்க'ன்னேன். உள்ள பால் பொங்குச்சு. ஓடினேன். திரும்பி வந்து பார்த்தா மனுசனைக் காணோம். கத்தி படியிலயே கிடக்குது."

"போன் பண்ணலீங்களா?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பண்ணினேன் தம்பி. பஸ் ஏறிட்டாரு. 'போகுது விடு ரத்தினம், காய் நறுக்க வச்சுக்கோ'ன்னு சிரிச்சாரு. அதுதான் கடைசியாப் பேசினது. சண்டையே இல்லை. நான் நினைச்ச மாதிரியே ஆயிருச்சு."

தாழ்வாரத்து ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா மூட்டிய தீ அதுபாட்டுக்கு எரிந்தது.

"நீட்டின கையில கொடுத்திருந்தா அவரு பிழைச்சிருப்பாரா? நீ குரு. உனக்குத் தெரியும். சொல்லு."

வேலாத்தாள் எழுந்து, இருப்பதிலேயே நல்ல கத்தியை இடுப்பில் செருகினாள். என் சமையல்கட்டுக்குள் போய் ஒரு தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். மழைக்குள் இறங்கிப் போனாள்.

கொட்டகைக்குக் கீழே ஓடை. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்தாள். ஒரு காலை நீட்டி, கட்டை வைத்துத் துண்டால் கட்டினாள்.

"இந்தக் கால் ஒடிஞ்சுபோச்சு" என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டாள். "நகர மாட்டேன். கைக்கு எட்டற கட்டைதான். யாரும் கிட்ட வரக் கூடாது."

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவளுக்குக் கையில் கத்தியே இருக்கிறது, சித்த நேரத்தில் மூட்டிவிட்டு வருவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மழை வலுத்தது. அவள் பிளந்தாள், சீவினாள். சீவச் சீவ அந்தச் சுருளே நனைந்தது. குனிந்து தன் உடம்பால் மறைத்துக்கொண்டு மறுபடி சீவினாள். தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று அணைந்தது. ஒருமுறை நிஜமாகவே பிடித்தது. ஒரு சின்ன மஞ்சள் நாக்கு எழுந்தது, நாகரத்தினம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். காற்று வந்தது. போய்விட்டது.

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கத்தியைக் காட்டித் துரத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் குளிரில் அவள் விரல்கள் மடங்கவில்லை. கத்தி நழுவித் தண்ணீரில் விழப் பார்த்தது. கடைசித் தீக்குச்சியை உரசினாள். பெட்டியின் பக்கம் ஊறிப்போய்ப் பிய்ந்து வந்தது. அப்புறமும் அவள் எழுந்திருக்கவில்லை. பிடிவாதக்காரி.

நாகரத்தினம் மழையில் இறங்கி நடந்தார். பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"போதும், எந்திரி."

"கத்தி இருந்துச்சுங்க்கா." அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. "தீ பிடிக்கலை."

"இன்னொரு நாளா இருந்தா?"

"பிடிச்சிருக்கலாம்."

"அப்ப அவருக்கு அன்னைக்கு?"

"தெரியலைங்க்கா."

"ஆமான்னாவது சொல்லு. இல்லைன்னாவது சொல்லு. ஒரு வருசமாச் சுமக்கறேன் கண்ணு. ரெண்டுல ஒண்ணு சொல்லு, இறக்கி வச்சுட்டுப் போறேன்."

"எனக்குத் தெரியலையேங்க்கா" என்று வேலாத்தாள் அழுதாள். மழையில் அழுதால் தெரியாது என்பதெல்லாம் பொய். நன்றாகத் தெரியும்.

நாகரத்தினம் குனிந்து, அவள் காலில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதோடு ஆரம்பித்தது.

"அறிவு இருக்கா உனக்கு? வயசுப் பொண்ணு இப்படியா மழையில உக்காருவே? சளி நெஞ்சுல இறங்கினா யாரு பாக்கறது? குருவாம் குரு. எந்திரிடி! தம்பி, அங்க என்ன வேடிக்கை? வெந்நி வைங்க!"

பாறையிலிருந்து கொட்டகை வரைக்கும் திட்டு ஓயவில்லை. தன் சேலைத் தலைப்பாலேயே அவள் தலையைத் துவட்டிவிட்டார், துவட்டத் துவட்டத் திட்டினார். என்னைச் சமையல்கட்டிலிருந்து விரட்டிவிட்டு, தன் பையிலிருந்த தூளை எடுத்துக் காபி போட்டார். அப்படி ஒரு காபியை நான் குடித்ததில்லை. சர்க்கரை கொஞ்சம் கூடத்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

வேலாத்தாள் போர்வைக்குள் சுருண்டுகொண்டு அந்தத் திட்டை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னமோ கண்டுபிடித்துவிட்ட முகம்.

"அக்கா" என்றாள். "கடைசியா யாரையுங்க இப்படித் திட்டினீங்க?"

நாகரத்தினம் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றது. "திட்டறதுக்கு யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு மறுபடி கழுவினார்.

"அந்தக் கத்தியை நான் பார்க்கலாமுங்களா?"

"பாரு."

வேலாத்தாள் துண்டைப் பிரித்தாள். உள்ளங்கை நீளம் அலகு, பழைய லாரியின் வில்பட்டை இரும்பில் கொல்லன் அடித்தது. அலகின் இரும்பு பிடிக்குள் பாதியில் நிற்காமல் கடைசிவரை ஓடியிருந்தது. முதுகு கனம், வாய் மெல்லிசு. புளியங்கட்டைப் பிடி ஒரு கைக்கே பழகித் தேய்ந்திருந்தது. மேலெல்லாம் துரு.

"சாக்குல நான் வச்ச எல்லாத்தையும்விட இது நல்ல கத்திங்க்கா."

"துருப்பிடிச்சுக் கிடக்குது."

"மேலதானுங்க."

அன்று மீதிப் பகல் முழுக்க அவள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவினாள். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டினாள். நாகரத்தினம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. பொழுது சாயும்போது கத்தியில் கொட்டகை விளக்கு தெரிந்தது.

திதி அன்று மழை விட்டிருந்தது. மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. நான் விடியும் முன்பே எழுந்து புளிச்சோறு கட்டினேன். மத்தியானத்துக்கு ஒரு பொட்டலம், சாயங்காலம் இறங்கும்போது பசித்தால் ஒன்று. நாகரத்தினம் ஒன்றை எடுத்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"ஒண்ணு போதும் தம்பி."

வேலாத்தாளைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இறங்குற வழியைச் சொல்லிடட்டுங்களா?"

"மேல போய்ப் பார்த்துக்கலாம் கண்ணு."

"இறங்கறப்ப வேற வழிங்க. ஓடை தண்ணி ஏறியிருக்கும்."

"பார்த்துக்கலாம்னு சொல்றேனில்ல." குரல் மெதுவாகத்தான் இருந்தது. அந்த மெதுவுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் எனக்கு ரொம்பப் பண்ணிட்டீங்க. நல்லா இருங்க. கத்தி எதையாவது ஒண்ணைக் கட்டையில குத்தி வை, எடுத்துக்கறேன்."

வேலாத்தாள் உள்ளே போனாள். சென்னியப்பனின் கத்தியோடு வந்தாள். கட்டையில் குத்தவில்லை. கீழேயும் வைக்கவில்லை. அலகின் முதுகை விரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, பிடியை முன்னால் வைத்து, நேராக நாகரத்தினத்தின் கையை நோக்கி நீட்டினாள்.

"கீழ வை வேலாத்தா!" என்று கத்திவிட்டேன். பழக்கம், என்ன செய்ய?

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நாகரத்தினம் ஓர் அடி பின்னால் போனார்.

"அதைப் போய் நீட்டறியே."

வேலாத்தாளின் கை நீட்டியபடியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே ஒரு மயில் அகவி ஓய்ந்தது. அப்போதும் அவள் கையை இறக்கவில்லை.

நாகரத்தினம் அந்தக் கையையே பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது. காற்றில் எதையோ தடவுகிறவர் மாதிரி கையைக் கொண்டுபோனார். தேய்ந்த பிடியில் விரல்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. அவர் வாங்கிவிட்டார். வேலாத்தாள் விடவில்லை. ஒரே கத்தியை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கையில கொடுத்தா சண்டை வரும் கண்ணு" என்றார் நாகரத்தினம்.

"வரட்டுங்க்கா" என்றாள் வேலாத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள இறங்கி வந்து என்கூடப் போடுங்க."